தகர ஷீட்டும் தடியும் வச்சு மேட்டுப்பாத்தி: வரியை நிறுத்திப் போடணுமா, படுக்கப் போடணுமா?

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு தக்கலை பக்கம், வீட்டுக்குப் பொறத்தால கொஞ்சம் இடம் கெடக்கு, முன்னாடி வயலா இருந்தது, இடவப்பாதி மழை (ஜூன் மாச மழை) தொடங்குனா கால் வச்சா புதையும், அது காயுததுக்குள்ள ஐப்பசி மழை வந்துரும், வெண்டை போட்டாலும் கத்தரி போட்டாலும் வேர் அழுகிப் போவுது. போதாததுக்கு அம்மைக்கு முட்டு வலி, குனிஞ்சு களை பறிக்க முடியல, சொன்னா கேக்கவும் மாட்டா. அதான் ரெண்டடி உயரத்துல ரெண்டு மேட்டுப்பாத்தி கட்டலாம்னு இருக்கேன், எட்டடி நீளம் நாலடி அகலம், நாலு பக்கமும் தகர ஷீட்டு, மூலைக்கும் சட்டத்துக்கும் தடி.

கார் ஷெட்டு போட்ட வகையில ஷீட்டு கொஞ்சம் மிச்சம் கெடக்கு, பத்தாததுக்கு புதுசு வாங்கணும். சித்தப்பா தோட்டத்துல ரப்பர் மரம் முறிக்கிறாங்க, வேணும்ங்கிற தடியை எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. கேக்க வேண்டியது என்னன்னா, ஷீட்டோட வரி (மேடும் பள்ளமுமா ஓடுற கோடு) மேல கீழா நிக்கணுமா இல்ல படுக்க வரணுமா, நெட்ல பாத்தா ரெண்டு விதமாவும் செஞ்சிருக்காங்க, ரப்பர் தடி தாங்குமா, தகரத்துல இருக்குற துத்தநாகம் மண்ணுல எறங்கி காய்ல வருமா, வெயிலுக்கு தகரம் சூடாகி செடி வெந்துருமா. செஞ்சு பாத்தவங்க சொன்னா உபகாரம்.

ஷெட்டு_மேஸ்திரி:

தம்பி, ஷெட்டு வேலைதான் நமக்குச் சோறு, அதனால ஷீட்டைப் பத்தி மட்டும் சொல்லுதேன், செடி காரியம் வேற ஆளு சொல்லட்டும்.

வரியை நிறுத்தியே போடுங்க. அழகுக்காக சொல்லல, வெட்டுக்காக சொல்லுதேன். படுக்கப் போட்டா ஷீட்டு அகலம் மூணு மூணரை அடி, உங்களுக்கு வேண்டியது ரெண்டடி, மிச்சம் ஒண்ணு ஒண்ணரை அடி கிழிசலாப் போவும், அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. நிறுத்திப் போட்டீங்கன்னா நீளம்தான் ரெண்டடி. ரோல் மெஷின் வச்சிருக்க கடையில எத்தனை அடி நீளம் சொல்லுதீங்களோ அத்தனை அடிக்கு மெஷின்லயே வெட்டித் தருவான், மூணரை அடி அகல ஷீட்டுல ரெண்டடி துண்டா எட்டு எடுத்தா ஒரு பாத்திக்கு சுத்து இருபத்திநாலு அடியும் ஓவர்லேப்போட சேத்து வந்துரும், வீட்டுல வெட்டே கெடையாது, ஓரமும் சுத்தமா இருக்கும்.

மிச்சம் கெடக்க ஷீட்டை வெட்டணும்னா தயவுசெஞ்சு கிரைண்டர் வச்சு வெட்டாதீங்க. எல்லாரும் அதான் செய்யுதான், ரெண்டு நிமிசத்துல வேலை முடியும், ஆனா சூட்டுல வெட்டு ஓரத்துல இருக்க பூச்சு கருகிப் போவும், பறக்குற தீப்பொறி ஷீட்டு மேல ஒட்டி நிக்கும், அடுத்த மழைக்கு அந்தந்த இடத்துல எல்லாம் செம்புள்ளி குத்தும், ஷீட்டு மட்டம்னு கடைக்காரனோட சண்டைக்கு நிப்பான். டிரில்லுல மாட்டுற, தகரத்தைக் கொத்திக் கொத்தி வெட்டுற நிப்ளர் கிடைக்கும், இல்லன்னா கை கத்திரி. வெட்டுன ஓரத்துல ஜிங்க் பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சிருங்க.

அடுத்து எந்த ஷீட்டு. சாதா ஜிஐ-ன்னா இரும்பு மேல துத்தநாகம். கால்வல்யூம்னு சொல்லுதது நூத்துக்கு 55 அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம், கொஞ்சூண்டு சிலிக்கான். கூரைக்கு கால்வல்யூம்தான் ராஜா, ரொம்ப நாள் நிக்கும். ஆனா ஈர மண்ணு, சிமெண்ட்டு, மாட்டுச்சாணம் இந்த மூணும் அதுக்கு ஆகாது, தொழுவத்துல கால்வல்யூம் போட்டு கீழ் ஓரம் சீக்கிரம் அரிச்சுப் போனதை நான் கழத்தி மாத்திக் குடுத்திருக்கேன். நீங்க உள்ள சாணி உரம்தான் போடப் போறீங்க. அதனால ஜிஐ-ல துத்தநாகம் கட்டியா இருக்கதா கேளுங்க, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு கேட்டா கடைக்காரன் ஒரு மாதிரி பாப்பான், பரவால்ல கேளுங்க, 120-ன்னா மெலிசு, 275-ன்னா நல்லது. கலர் ஷீட்டுன்னா கலர் பக்கம் வெளிய வரும், உள்பக்கம் மெலிசா ஒரு பூச்சு மட்டும்தான் இருக்கும், அதுக்கு லைனர், அதாவது மண்ணு ஒட்டாம உள்ள தொங்க விடுற பிளாஸ்டிக் ஷீட்டு, குடுத்தே ஆகணும். கனம் 0.45 எம்எம்-க்கு கீழ எடுக்காதீங்க.

பழைய_கழுக்கோல்:

ரப்பர் தடி வேண்டாம். சித்தப்பா சும்மா தந்தாலும் வேண்டாம், விறகுக்கு வச்சுக்கோங்க. ரப்பர்ல மாவும் சர்க்கரையும் ஜாஸ்தி, அறுத்துப் போட்ட கொஞ்ச நாள்லயே நீலப் பூஞ்சை பாயும், பொறவு பொடி வண்டு வந்து மாவு மாவாக் கொட்டும். ஃபர்னிச்சருக்கு போற ரப்பர் தடிய போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல அழுத்தம் குடுத்து ஊறவச்சுத்தான் அனுப்புதாங்க, அது வீட்டுக்குள்ள கெடக்க கட்டிலுக்குச் சரி, நம்ம ஊரு மழையில வெளிய வச்சா அந்த மருந்து கரைஞ்சு போயிரும், மறுபடி பச்சைத் தடிதான்.

நமக்கு ஊருல கெடைக்கிறதுல அயினிதான் என் கணக்குக்கு முதல் இடம். வள்ளத்துக்கே அதத்தான் போட்டாங்க, உப்புத் தண்ணியில நின்ன மரம். ஆனா வைரம் (நடுவுல முத்துன பாகம்) மட்டும், ஓரத்துல வெள்ளை (முத்தாத பாகம்) ஒட்டிக்கிட்டு இருந்தா செதுக்கிருங்க, கறையான் நுழையுததே அந்த வழியாத்தான். புதுசு எடுக்க காசு ஆகும்னா பழைய ஓட்டு வீடு பொளிக்கிற இடத்துல கேளுங்க, கழுக்கோல், உத்தரம், பட்டியல்னு கூரைத் தடி எல்லாம் குவிச்சுப் போட்டிருப்பான், தேக்கும் அயினியும் நல்லா முத்துன பனையும் வரும். பத்தம்பது அறுபது வருசம் கூரையில காஞ்ச தடி, இனிமே கோணாது சுருங்காது. ஆணி மட்டும் பாத்து எடுத்துருங்க, இல்லன்னா மில்லுல வாளு போயிரும், அவன் நம்ம மேல பாய்வான். பழைய பெயின்ட் அடிச்ச கதவு நிலை எல்லாம் வேண்டாம், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்.

மேல் பூச்சுக்கு நிறைய பேரு ஒர்க் ஷாப்ல இருந்து கழிவு ஆயில் வாங்கி அடிப்பான். கீரை போடுற பாத்தியில அது வேண்டவே வேண்டாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) கொல்லாங்கொட்டைத் தோட்டுல இருந்து வடிக்கிற எண்ணெய் கெடைக்கும், கருப்பா கொழகொழன்னு, வள்ளத்துக்கும் வலைக்கும் அந்தக் காலத்துல அதான். கறையான் கிட்ட வராது. கையில பட்டா தோலு பொத்துப் போவும், அண்டி உடைக்கிற பொம்பளையாளு கையைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அதனால கனத்த கையுறை போட்டு, சட்டத்தோட வெளிப்பக்கம், அடிப்பக்கம், முக்கியமா அறுத்த முனையில ரெண்டு கோட்டு அடிச்சு நல்லா காய விட்டுருங்க. முனையை விட்டுட்டு மத்த இடம் பூரா அடிச்சும் பிரயோஜனம் இல்ல, தண்ணி குடிக்கிறதே முனை வழியாத்தான்.

இன்னொண்ணு. பச்சை கலர்ல மருந்து ஏத்துன தடின்னு வாங்கப் போறவங்க கேட்டுட்டு வாங்குங்க, பழைய வகையில செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூணும் இருக்கும், அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு 2003 கடைசியோட நிறுத்திட்டாங்க. ஆர்செனிக் இல்லாத புது வகையிலயும் செம்பு உண்டு, செம்பும் துத்தநாகமும் ஈரத்துல சேந்தா துத்தநாகம்தான் தின்னு தீரும், அதாவது உங்க ஷீட்டும் ஸ்க்ரூவும் போயிரும்.

குளச்சல்_காத்து:

நான் மேல சொன்ன எல்லாத்துக்கும் எதிர்க் கட்சி. கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கவங்க தகரம் பக்கமே போவாதீங்க. இங்க காத்துல உப்பு, புது கேட்டு ரெண்டாவது வருசம் செவந்துரும், ஏசி அவுட்டர் ஓட்டையாவும், இதுல ஈர மண்ணையும் சேத்தா கேக்கவா வேணும். தக்கலை உள்ள தள்ளி இருக்கு, உங்களுக்குப் பரவால்ல. நமக்கு வெட்டுக்கல்லுதான் (செம்புறாங்கல்லு), ரெண்டு வரிசை சாந்து இல்லாம அடுக்கி மண்ணைக் கொட்டுனா முடிஞ்சு, துருவும் இல்ல கறையானும் இல்ல, வேண்டாம்னா பிரிச்சு வேற இடத்துல அடுக்கலாம்.

அப்புறம் மண்ணு லூசா இருக்கணும்னு யாராவது கடல் மணலு சேக்கச் சொன்னா கேக்காதீங்க. உப்பு ஒரு பக்கம், மணவாளக்குறிச்சி பக்கத்து கரு மணல்ல மோனசைட்டு (கதிர்வீச்சு உள்ள தாது) இருக்கது ஊருக்கே தெரியும், அதைக் கொண்டு கீரைப் பாத்தியில கொட்டணுமா. எடுக்கவும் கூடாது, சட்டப்படி.

ஷெட்டு_மேஸ்திரி:

குளச்சல் அண்ணே சொன்னது சரிதான், கடலோரத்துக்கு நானே தகரம் சொல்ல மாட்டேன். ஆனா வெட்டுக்கல்லு ரெண்டடி உயரம் சாந்து இல்லாம அடுக்குனா மழையில வயிறு தள்ளும், அம்மை அதுல கை ஊணுனா கல்லு உருளும், அதையும் பாத்துக்கிடுங்க.

சைட்டுல_நிக்கேன்:

யாருமே கணக்கு சொல்லலியே. எட்டுக்கு நாலுக்கு ரெண்டுன்னா 64 கன அடி, ஒரு யூனிட்டுல (நூறு கன அடி) பாதிக்கு மேல, மீட்டர் கணக்குல 1.8 கன மீட்டர். மழையில நனைஞ்ச மண்ணு கன மீட்டருக்கு ஒன்னரை டன்னுக்கு குறையாது, ஆக மூணு டன்னுக்கு கிட்ட உள்ள கெடக்கும். அது கீழ மட்டும் இல்ல, பக்கவாட்டுலயும் தள்ளும். ரெண்டடி ஆழத்துக்கு நீளத்துல ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 100-ல இருந்து 150 கிலோ வெளிப்பக்கம் தள்ளுதுன்னு வச்சுக்கோங்க, தண்ணி வடியாம நின்னா அதுக்கும் மேல. எட்டடிப் பக்கம் நடுவுல பிடி இல்லன்னா ஒரே மழைக்காலத்துல வயிறு தள்ளி நிக்கும்.

அதனால நான் சொல்லுதது ரெண்டு. ஒண்ணு, ஷீட்டைச் சட்டத்துக்கு வெளிய அடிக்காதீங்க, உள்ள வைங்க. போட்டோவுல பாக்க வெளிய அடிச்சது பளபளன்னு இருக்கும், ஆனா மண்ணு தள்ளுற பாரம் பூரா அப்ப ஸ்க்ரூ தலையிலதான் நிக்குது, தடி உள்ள ஈரத்துலயே கெடந்து அழுகும். உள்ள வச்சீங்கன்னா மண்ணு ஷீட்டைத் தள்ளும், ஷீட்டு போயி தடியில சாயும், ஸ்க்ரூ சும்மா எடத்துல புடிச்சா போதும், தடிக்கு வெளிய காத்து கெடைக்கும் காயும். வரி நிக்கிறதால மேல ஒரு சட்டம் கீழ ஒரு சட்டம் போதும், மூணுக்கு ரெண்டு அங்குலம், மூலையிலயும் நீளப் பக்கத்து நடுவுலயும் நாலுக்கு நாலு குத்துக்கால்.

ரெண்டு, நடுக் குத்துக்காலு ரெண்டையும் எதிரும் புதிரும் இழுத்துக் கட்டணும். கீழ, தரையோட தரையா ஒரு ஜிஐ பட்டை, அடிச் சட்டத்துல இருந்து எதிர்ச் சட்டத்துக்கு, அழுத்தம் கூட இருக்கது கீழதான். மேல, விளிம்புல இருந்து ஒரு அடி இறக்கி 10 எம்எம் திரெட் ராடு (நீளம் பூரா மரை உள்ள கம்பி), ரெண்டு பக்கமும் பெரிய வாஷர் போட்டு நட்டு. ராடை எலக்ட்ரிக் பிவிசி பைப்புக்குள்ள விட்டுருங்க, மண்ணும் படாது மம்பட்டி பட்டாலும் காயம் இல்ல. நட்டை ரொம்ப முறுக்காதீங்க, ஷீட்டு உள்ள வளையும்.

குத்துக்காலை மண்ணுல நடவே வேண்டாம், தரை மட்டத்துலதான் எந்த மரமும் முதல்ல அழுகும். கீழ் சட்டத்துக்கு அடியில கருங்கல்லுத் துண்டு வரிசையா சாந்து இல்லாம பதிச்சு அதுமேல உக்கார வைங்க. மூணு டன்னு உள்ள இருக்கு, ஒக்கி புயல் மாதிரி காத்து வந்தாலும் எங்கயும் போவாது. மண்ணு போடாம காலியா விட்டீங்கன்னாத்தான் பறக்கும்.

இன்பாக்ஸ்ல ஒருத்தர் இதையே மொட்டை மாடியில வைக்கலாமான்னு கேட்டாரு, இங்கயே சொல்லிருதேன். ஆள் நடமாடுற மாடிக்கு ஐஎஸ் 875-ங்கிற இந்தியக் கட்டடத் தர விதிப்படி எடுத்துக்கிடுற பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ரெண்டடி மண்ணு சதுர மீட்டருக்கு ஒரு டன்னு. பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஈத்தாமொழி_அக்கா:

தம்பி, எல்லாரும் பெட்டியைப் பத்தியே பேசுதாங்க, உள்ள என்ன போடப் போறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. மூணு டன்னும் நல்ல மண்ணா விலைக்கு வாங்கணும்னா பாத்தியை விட மண்ணு செலவு கூடிரும். கீழ பாதி உயரத்துக்கு கதம்பை (தேங்கா மட்டை), வாழைத் தடை (வாழை மரத்துண்டு), காஞ்ச சருகு, மாவிலை, பிலாவிலை இப்படி நிரப்புங்க, நடுநடுவுல சாணிக் கரைசல் ஊத்தி மிதிச்சு விடுங்க, இல்லன்னா மக்கும்போது மேல் மண்ணுல உள்ள தழைச்சத்தை அது உறிஞ்சிக்கிட்டு செடி மஞ்சளா நிக்கும். மேல ஒரு அடிக்கு செம்மண்ணும் குளத்து வண்டலும் மக்கின உரமும். வண்டலு எடுக்க தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், லோடு கொண்டு வர்றவன் கிட்ட சீட்டு இருக்கான்னு கேட்டுக்கோங்க. தும்பு ஆலைக் கழிவை (தேங்கா நார்க் கழிவு) அப்படியே கொட்டாதீங்க, பச்சையா இருந்தா கறையும் உப்பும் இருக்கும், நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவ அலசி மக்க வச்சதுதான் ஆகும். மழை ஒண்ணு தாண்டுனா பாத்தி நல்லாவே கீழ எறங்கும், பயப்பட வேண்டாம், மேல மண்ணு போட்டுக்கிட்டே வரணும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க, உளுத்த தென்னந்தடி, தென்னைக் குருத்து இதெல்லாம் உள்ள போடாதீங்க. கொம்பன் வண்டு முட்டை போடுறதே மக்குற தென்னந்தடியிலயும் சாணிக் குழியிலயும்தான், பாத்தி உள்ள குண்டு குண்டா புழு சுருண்டு கெடக்கும், வண்டாகி வெளிய வந்து நிக்கிற தென்னையோட குருத்தைக் குடைஞ்சு எடுத்துரும். எங்க ஊருல தென்னைதான் எல்லாம், அதனால இதை வாய் வலிக்கச் சொல்லுவேன். களை பறிக்கும்போது அம்மை புழுவைக் கண்டா கோழிக்குப் போடச் சொல்லுங்க.

துத்தநாகம் காய்ல வருமான்னு கேட்டீங்க. அது செடிக்கு வேண்டிய சத்துதான், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு நாமளே காசு குடுத்து வாங்கிப் போடுதோம். ஷீட்டு ஓரத்துல இருந்து எறங்குறது நமக்கு கேடு செய்யாது. நம்ம செம்மண்ணு புளிப்பு மண்ணு, அது ஷீட்டைத் தின்னும், கவலைப்பட வேண்டியது ஷீட்டுக்குத்தான். டோலமைட்டு (ஒரு வகை சுண்ணாம்புக்கல்லுப் பொடி) கொஞ்சம் கலந்தா புளிப்பும் குறையும், ஷீட்டுக்கும் நல்லது, சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீங்க.

சூடு பத்தி: மாசி பங்குனியில மேற்குப் பக்க ஷீட்டு மத்தியானம் தொட்டா சுடும், ஆனா ஈர மண்ணு சீக்கிரம் சூடு வாங்காது, ஓரத்துல நாலு விரக்கடை மண்ணு மட்டும்தான் காயும். அந்த ஓரத்துல சிறுகிழங்குக் கொடியை விட்டுருங்க, ஆடியில கொடி நட்டா தைப்பொங்கலுக்கு கிழங்கு பறிக்கலாம், கொடி வெளிய தொங்கி ஷீட்டை மூடிரும். கொடிப்பசலையும் ஆகும். நடுவுல வெண்டை, கத்தரி, சீனியவரை (கொத்தவரை), காந்தாரி மிளகா. மரச்சீனி (மரவள்ளி) மட்டும் இதுல நடாதீங்க, பிடுங்கும்போது பாதி மண்ணு வெளிய வரும், அதுக்கு தரையே போதும்.

தக்கலைக்காரன்:

அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. ரப்பர் தடி விறகுக்குன்னு சித்தப்பாட்ட சொல்லியாச்சு, அவருக்கு கொஞ்சம் வருத்தம்தான். இரணியல் பக்கம் ஒரு ஓட்டு வீடு பொளிக்கிறாங்களாம், நாளைக்குப் போயி கழுக்கோல் பாக்கப் போறேன். ரெண்டு சந்தேகம் பாக்கி. லைனர் எந்தது, அடியில வரைக்கும் விரிக்கணுமா? மேல் ஓரம் தகரம் கையைக் கிழிக்காதா, அம்மை அதுல கை ஊணித்தான் எந்திரிப்பா.

சைட்டுல_நிக்கேன்:

அடியில விரிக்கவே கூடாது, விரிச்சா வயல்ல நின்ன தண்ணி பாத்திக்குள்ள நிக்கும், எதுக்கு உயரமா கட்டுதோம். லைனர் பக்கத்துக்கு மட்டும். மீன் குட்டைக்குப் போடுற கருப்பு ஷீட்டு துண்டா கெடைக்கும், அதை மேல் சட்டத்துல இருந்து கீழ் வரை தொங்க விட்டு, கீழ் ஓரத்தை மடக்காம அப்படியே விடுங்க. வரிப் பள்ளத்துக்கும் லைனருக்கும் நடுவுல சந்து இருக்கும், உள்ள போற ஈரம் அந்த வழியா கீழ இறங்கிரும். அதுதான் வரியை நிறுத்திப் போடுறதுல எனக்குப் புடிச்ச விஷயம், படுக்கப் போட்டா ஒவ்வொரு வரியிலயும் தண்ணி தங்கும்.

பழைய_கழுக்கோல்:

கை ஊணுற காரியத்துக்கு மேல் சட்டத்து மேல ஆறு அங்குலப் பலகை ஒண்ணு படுக்க அடிங்க, ஷீட்டு விளிம்பு அதுக்கு அடியில மறைஞ்சிரும், அம்மை அதுல உக்காந்தே களை பறிக்கலாம். உச்சியில லேசா வெளிப்பக்கம் சரிவு வச்சு செதுக்கிருங்க, தண்ணி தங்காது. சாதா ஆணி அடிச்சா அயினியும் தேக்கும் கறை விட்டு கருப்பா ஒழுகும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ எடுங்க. கழுக்கோல் பாக்கப் போகும்போது ஒரு சின்ன உளி கொண்டு போங்க, முனையில ஒரு கொத்து கொத்திப் பாத்தா வைரமா வெள்ளையான்னு தெரிஞ்சிரும், விக்கிறவன் மொகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

ஷெட்டு_மேஸ்திரி:

ஸ்க்ரூவை வரியோட பள்ளத்துல, தடியில ஒட்டி நிக்கிற எடத்துல போடுங்க, மேட்டுல போட்டா ஷீட்டு நசுங்கும். ரப்பர் வாஷர் உள்ளதா பாத்து வாங்குங்க. ரெண்டடி துண்டு வெட்டுறதுக்கு சில கடையில மெஷின் ஓட்ட மாட்டேன்னு சொல்லுவான், சின்ன துண்டு ரோலர்ல நிக்காதும்பான், அப்ப நாலடியா எடுத்து நடுவுல நிப்ளர் வச்சு ரெண்டாக்கிக்கோங்க.